தரம் 6இல் புள்ளி சரிந்தால்: ரியூசனுக்கு முன் விடைத்தாளைப் பாருங்கள்

கேள்வி: மகள் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டி, இந்த வருடம் புதிய பாடசாலையில் தரம் 6 படிக்கிறாள். முதலாந் தவணையில் கணிதம் 61, விஞ்ஞானம் 55, வரலாறு 43. போன வருடம் இப்படி இல்லை. வீட்டுக்கு வந்தால் பல்கணியில் நின்று பறவை பார்ப்பதும் அதைக் கீறுவதும்தான் வேலை. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ரியூசன் போட்டு, படம் கீறுவதை நிறுத்தச் சொல்கிறார் கணவர். ஆங்கில மொழிமூலத்துக்கு மாற விருப்பமா என்று பாடசாலையிலும் கேட்டிருக்கிறார்கள். என்ன செய்யலாம்? — வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்

பதில்: படம் கீறுவதை நிறுத்த வேண்டாம். ரியூசனையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். உங்கள் மகளின் படிப்பு கெட்டுப்போய்விடவில்லை. புலமைப்பரிசிலுக்காகப் பழகிய முறை தரம் 6இல் செல்லுபடியாகவில்லை, அவ்வளவுதான். அந்தப் பரீட்சையில் பெரும்பகுதி சரியான விடையைத் தெரிவதும் ஓரிரு சொல்லில் எழுதுவதும். இரண்டு வருடம் அதையே வேகமாகச் செய்து பழகிய பிள்ளையிடம் இப்போது விளக்கம் கேட்கிறார்கள். தரம் 5 வரை பெரும்பாலான பாடங்களை ஒரே வகுப்பாசிரியர் பார்த்துக்கொண்டார். இப்போது தமிழ், சமயம், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு, புவியியல், குடியியற் கல்வி, சுகாதாரம், செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள், சிங்களம், அழகியல் என்று பாடத்துக்கொரு ஆசிரியர் வந்து போகிறார். எந்தக் கொப்பி குறையாகக் கிடக்கிறது என்று முழுதாகப் பார்க்க ஒருவரும் இல்லை.

முதல் வேலை, மூன்று விடைத்தாள்களையும் மகளோடு உட்கார்ந்து பார்ப்பது. திட்டுவதற்கல்ல. புள்ளி குறைந்த ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் ஒரு குறி இடுங்கள்: பாடமே தெரியாவிட்டால் ‘தெ’, தெரிந்தும் எழுதியது போதாவிட்டால் ‘கு’, நேரம் போதாமலோ கேள்வியைச் சரியாக வாசிக்காமலோ விட்டிருந்தால் ‘நே’. பிறகு எண்ணிப் பாருங்கள். வரலாற்றுத் தாளில் ‘கு’ தான் நிறைந்திருக்கும்.

ஓர் உதாரணம். ‘ஆதி நாகரிகங்கள் ஆற்றங்கரைகளில் தோன்றியதற்கு இரு காரணங்களை விளக்குக’ என்று 4 புள்ளிக்குக் கேட்டால், பிள்ளை ‘நீர் இருந்தது, மண் நல்லது’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். விடை தெரியும், ஆனால் பாதிப் புள்ளிதான் வரும். முழுப் புள்ளிக்கான விடை இப்படி இருக்க வேண்டும்: ‘குடிப்பதற்கும் பயிர்ச்செய்கைக்கும் ஆண்டு முழுவதும் ஆற்றிலிருந்து நீர் கிடைத்தது. வெள்ளம் வடிந்தபோது வண்டல் படிந்ததால் மண் வளமாகி விளைச்சல் கூடியது.’ ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு வசனம். அதற்குள் ‘என்ன’, ‘அதனால் என்ன நடந்தது’ என இரண்டும் இருக்க வேண்டும். இதை ரியூசன் வகுப்பில் 60 பிள்ளைகளோடு இருந்து பழக முடியாது. வீட்டில் தினம் 10 நிமிடம் போதும். வரலாறு, விஞ்ஞானம், புவியியல் என்று மாறி மாறி, பாட இறுதியில் உள்ள ஒரு கேள்வி. புத்தகத்தை மூடிவைத்து இரண்டு மூன்று வசனத்தில் விடை. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்புப் பென்சிலால் மகளே சேர்க்க வேண்டும். நீங்கள் திருத்திக் கொடுத்தால் பழக்கம் உங்களுக்குத்தான் வரும். ஆறு வாரத்தில் விடைகளின் நீளமே மாறியிருக்கும்.

அடுத்தது கொப்பிகள். ஞாயிற்றுக்கிழமை 20 நிமிடம் ஒதுக்கி, எல்லாக் கொப்பிகளையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் கடைசியாக எழுதிய திகதியை மட்டும் பாருங்கள். நேரசூசிப்படி வாரத்துக்கு மூன்று பாடவேளை உள்ள பாடத்தில் கடைசித் திகதி இரண்டு வாரம் பழையது என்றால் அங்கே ஓட்டை இருக்கிறது. காய்ச்சலில் வீட்டில் நின்ற நாள், பயிற்சிக்குப் போன நாள், பேனை மை முடிந்த நாள் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வரும் குறிப்புப் படங்களை அச்செடுத்து ஒட்டிக் கொடுக்காதீர்கள். ஒட்டிய பக்கத்தைப் பிள்ளை வாசிப்பதில்லை. சுருக்கமாகவாவது தன் கையால் எழுதட்டும். கடைகளில் விற்கும் பயிற்சிப் புத்தகங்களையும் அள்ள வேண்டாம். பாடத்திட்ட மாற்றங்கள் வந்துகொண்டிருக்கும் காலம் இது, பழைய பதிப்புகள் பாடசாலை தந்த நூலோடு பொருந்தாமல் போகலாம். நூல் தொலைந்தால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலிருந்து இலவசமாகத் தரவிறக்கலாம்.

கணிதத்தில் 61 பயப்படும் புள்ளி அல்ல. ஆனால் அந்தத் தாளில் இரண்டு பிழைகளைத் தேடிப் பாருங்கள், ஏனென்றால் அவை தரம் 7, 8 வரை கூடவே வரும்.

ஒன்று பின்னம். 1/2 + 1/4 = 2/6 என்று எழுதியிருக்கிறாளா? தொகுதியோடு தொகுதி, பகுதியோடு பகுதி கூட்டும் பிழை இது. விதியைத் திருப்பிச் சொல்லிக் கொடுப்பதால் இது போகாது. 24 செ.மீ. நீளத்தில் ஒரு கடதாசிக் கீலம் வெட்டுங்கள். அதில் பாதி 12 செ.மீ., கால் 6 செ.மீ. இரண்டும் சேர்ந்தால் 18 செ.மீ. அதே கீலத்தில் 2/6 என்பது 8 செ.மீ. மட்டுமே. ‘பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு எப்படிப் பாதியை விடக் குறைந்தது?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்தக் கேள்விக்கு மகளே விடை கண்டால் பிழை திரும்பி வராது. கீலத்தை 6 செ.மீ. துண்டுகளாக மடித்தால் 18 செ.மீ.க்கு மூன்று துண்டு, அதாவது 3/4 என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

மற்றது தசமம். 35 என்பது 4ஐ விடப் பெரிது என்பதால் 0.35 என்பது 0.4ஐ விடப் பெரிது என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. தையல் அளவு நாடாவை எடுத்து 0.35 மீற்றரையும் 0.4 மீற்றரையும் காட்டச் சொல்லுங்கள்: 35 செ.மீ., 40 செ.மீ. இரண்டு நாளில் தெளிந்துவிடும்.

இப்படி இரண்டு தவணை உழைத்த பிறகும் கணிதத் தாளில் ‘தெ’ குறிகளே கூடுதலாக இருந்தால் அப்போது கணிதத்துக்கு மட்டும் ஒரு வகுப்புத் தேடலாம். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் இல்லாத வகுப்பாகவும், பிள்ளையின் கொப்பியை ஆசிரியர் கையில் எடுத்துப் பார்க்கும் வகுப்பாகவும் இருக்க வேண்டும். பாடசாலை 1.30க்கு விட்டு, காலி வீதி நெரிசலில் வான் வீடு வந்து சேர 2.30 ஆகும். அதற்கு மேல் கிழமைக்கு நான்கு நாள் ரியூசன் என்றால் முதலில் அடிபடுவது தூக்கம். பதினொரு வயதில் ஒன்பது மணி நேரமாவது தூங்க வேண்டும். காலை 5.15க்கு எழும்பும் பிள்ளை இரவு 8.15க்குப் படுத்தாக வேண்டும். சாப்பிட்டு ஓய்வெடுத்து, 4 மணியிலிருந்து 5.15 வரை அவளுக்குப் பிடித்த வேலை. பிறகு 45 நிமிடம் அன்றைய வீட்டுப்பாடம். 7 மணிக்கு இன்னொரு 30 நிமிடத்தில் எழுத்துப் பயிற்சியும் நாளைய புத்தகப்பையும். சாதாரண நாளுக்கு இவ்வளவே போதும்.

இனிப் பறவை. பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பார்ப்பது, பதிவது, ஒப்பிடுவது என்ற மூன்றையும் மகள் தானாகவே செய்துகொண்டிருக்கிறாள். விஞ்ஞானப் பாடம் கேட்பதும் அதைத்தான். ஒரு தனிக் கொப்பி கொடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் திகதி, நேரம், இடம், பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்ற நான்கையும் எழுதச் சொல்லுங்கள். மீன்கொத்தியின் நீண்ட கூரிய அலகு, தேன்சிட்டின் வளைந்த அலகு, கிளியின் கொக்கி அலகு மூன்றையும் ஒரே பக்கத்தில் கீறி, எது எதைத் தின்கிறது என்று கீழே இரண்டு வசனம் எழுதினால், மேலே சொன்ன விடையெழுதும் பயிற்சியும் அதோடு சேர்ந்துவிடும். ஒரு கிழமை காலை 6 மணிக்குப் பல்கணியிலிருந்து தெரியும் காகம், மைனா, புறாக்களை வரவுக்குறியால் எண்ணிப் படவரைபாக்கினால் கணிதத்தில் தரவு பற்றிய பாடம் பாதி முடிந்தது.

கீறும்போது பிள்ளைகள் கண்ணிலும் இறகிலும் தொடங்குவார்கள். அதற்குள் பறவை பறந்துவிடும், படம் குறையாகக் கிடக்கும், மனம் சலிக்கும். முதல் 30 வினாடியில் உடலுக்கு ஒரு நீள்வட்டம், தலைக்கு ஒரு வட்டம், அலகும் வாலும் நோக்கும் திசைக்கு ஒவ்வொரு கோடு. மீதியை ஞாபகத்திலிருந்து வீட்டில் முடிக்கலாம். வெளிக்கோட்டுக்கு எச்.பி. பென்சில், நிழலுக்கு 2பி போதும். விலை கூடிய பெட்டி தேவையில்லை.

வெள்ளவத்தைக் கால்வாய் ஓரத்திலேயே நீர்க்காகமும் வெண்கொக்கும் நிற்கும். மாதம் ஒரு காலை கோட்டேயில் உள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குக் கூட்டிப்போங்கள். கொழும்பு 2018இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது இப்படியான இடங்களால்தான். வேண்டுமென்றால் மறு மாதம் தேசிய நூதனசாலை வளாகத்திலுள்ள இயற்கை வரலாற்று நூதனசாலை. பதப்படுத்திய பறவைகள் அசையாமல் நிற்பதால் அலகையும் காலையும் அளந்து கீறலாம். விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்திலுள்ள கொழும்பு பொது நூலகத்தில் சிறுவர் பகுதி உண்டு, அங்கத்துவம் எடுத்துக் கொடுங்கள். தொலைநோக்கி இப்போது வேண்டாம். ஆறு மாதம் கழித்தும் ஆர்வம் இருந்தால் 8 மடங்கு பெரிதாக்கும் சிறிய இருகண் தொலைநோக்கி ஒன்று வாங்கலாம். அதைவிடக் கூடிய பெருக்கமுள்ளது சிறு கைகளில் ஆடி, பறவை பிடிபடாது.

அழகியல் பாடமாக அவள் சித்திரத்தைத் தெரிந்திருந்தால் மாற்ற வேண்டாம். ‘பரதநாட்டியத்துக்குப் புள்ளி கூட வரும்’ என்று மற்றப் பெற்றோர் சொல்வதைக் கேட்டு மாற்றுவோர் உண்டு. தரம் 9 வரை தொடர வேண்டிய பாடம் அது. சாதாரண தரத்திலும் எடுக்கலாம். விருப்பமில்லாத கலையில் நான்கு வருடம் இருத்துவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

ஆங்கில மொழிமூலத்தில் கணிதம், விஞ்ஞானம் போன்ற சில பாடங்கள்தான் மாறும்; தமிழ், சமயம், வரலாறு தாய்மொழியிலேயே இருக்கும். முடிவெடுக்க ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஆங்கில மொழிமூல தரம் 6 விஞ்ஞான நூலில் இன்னும் படிக்காத ஒரு பக்கத்தை வாசிக்கவிட்டு, அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று தமிழில் விளக்கச் சொல்லுங்கள். சொல் ஐந்தாறு தெரியாமல் போனாலும் கருத்தைச் சொல்லிவிட்டால் மாறலாம். வரியை ஒழுங்காக வாசித்தும் கருத்தைச் சொல்ல முடியாவிட்டால் இந்த வருடம் தமிழிலேயே படிக்கட்டும். விளக்கி எழுதவே இப்போதுதான் பழகுகிறாள், இரண்டு சுமையை ஒன்றாக ஏற்றக் கூடாது. சோதனையைக் கணவரும் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். பாடசாலைக்குப் பதில் சொல்லுமுன் விஞ்ஞான ஆசிரியரிடம், தமிழில் தொடங்கிய பிள்ளைகளை அடுத்த வருடம் ஆங்கில வகுப்பில் சேர்த்துக்கொள்வார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள்.