சிடி, டிவிடியில் இருந்து ஃபைல் காப்பி ஆகவில்லையா? கேள்வி பதில்

பழைய சிடி, டிவிடிகளைக் கணினிக்கு மாற்றும்போது வரும் எரர்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, ஒவ்வொரு வகையிலும் ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சார், பழைய குடும்பப் படங்கள் உள்ள சிடி. காப்பி பண்ணும்போது பாதியில் ‘சைக்ளிக் ரிடண்டன்சி செக்’ என்று எரர் வந்து நின்றுவிடுகிறது. எத்தனை முறை போட்டாலும் அதே ஃபைலில்தான் நிற்கிறது. சிடி போச்சா?

பதில்: முழுசாகப் போகவில்லை. டேட்டா சிடியில் தகவல் 2,048 பைட் கொண்ட சிறு சிறு பகுதிகளாக இருக்கும். அவற்றை செக்டர் என்பார்கள். ஒவ்வொரு செக்டருடனும் ஒரு சரிபார்ப்புக் குறியீடு பதிவாகியிருக்கும். டிரைவ் படித்ததும் அந்தக் குறியீட்டோடு ஒத்துப்பார்க்கும். சின்னச் சின்னப் பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும். திருத்த முடியாத அளவுக்குப் போனால்தான் உங்களுக்கு இந்த எரர் வரும்.

நீங்கள் சொன்னதில் முக்கியமானது ‘அதே ஃபைலில்’ என்பது. எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் கோளாறு சிடியில். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் டிரைவையோ கேபிளையோ சந்தேகப்படுங்கள்.

திரும்பத் திரும்பக் காப்பி கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள். பஞ்சு விடாத மெல்லிய துணியால், நடுவில் இருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்கவும். வட்டமாகத் துடைக்கவே கூடாது. தகவல் சுருள் பாதையில் இருப்பதால், அந்தப் பாதையோடு ஓடும் கீறல் தொடர்ச்சியாக நிறையத் தகவலைக் கெடுக்கும். குறுக்கே விழுந்த கீறலை டிரைவ் பெரும்பாலும் சமாளித்துவிடும். அப்புறம் வேறொரு கணினியின் டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று சாதாரணமாகப் படிப்பது அடிக்கடி நடக்கிற விஷயம்.

கேள்வி: கீழ்ப்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் சிடி படிக்கவில்லையே?

பதில்: மேல்பக்கத்தைப் பார்த்தீர்களா? எல்லோரும் கீழ்ப்பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைப்பார்கள், மேல்பக்கத்தைத் தரையில் தேய்ப்பார்கள். சிடியின் தடிமன் 1.2 மில்லிமீட்டர். தகவல் இருக்கும் படலமோ லேபிளுக்குச் சற்றுக் கீழே, ஒரு மெல்லிய பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. பேனாவால் அழுத்தி எழுதினாலோ, ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்தாலோ படலமும் சேர்ந்து வந்துவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஊசித்துளை போல ஒளி தெரிந்தால் அந்த இடத்துத் தகவல் போனதுதான், பாலிஷ் எதுவும் உதவாது. டிவிடியில் இந்தத் தொல்லை குறைவு. அதில் படலம் இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே இருக்கிறது.

கேள்வி: டூத்பேஸ்ட் தேய்த்தால் சரியாகும் என்கிறார்களே?

பதில்: கீழ்ப்பக்கம் ஆழமில்லாத கீறல் என்றால் சில நேரம் பலிக்கும். மற்ற வழியெல்லாம் பார்த்த பிறகு, போனாலும் பரவாயில்லை என்கிற டிஸ்கில் மட்டும் செய்யுங்கள். புளூ-ரேயில் வேண்டவே வேண்டாம். அதன் தகவல் படலம் மேற்பரப்பில் இருந்து 0.1 மில்லிமீட்டரில் இருக்கிறது.

கேள்வி: நாங்களே எடுத்த வீடியோ உள்ள டிவிடி. 90 சதவீதம் வரை காப்பி ஆகிறது, அப்புறம் கணினியே உறைந்துவிடுகிறது. கெட்ட இடத்தை விட்டுவிட்டு மிச்சத்தை எடுக்க வழி உண்டா?

பதில்: உண்டு. டிவிடியில் எழுதுவது உள்ளிருந்து வெளியே போகும். அதனால் 90 சதவீதத்தில் நின்றால், டிஸ்க் நிறைய எழுதப்பட்டிருக்கும் பட்சத்தில், கோளாறு வெளி விளிம்புக்குப் பக்கத்தில். கையில் பிடிக்கும் இடமும் அதுதான். விரல் ரேகை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

துடைத்தும் ஆகவில்லை என்றால், சாதாரணக் காப்பி முறையை விட்டுவிடுங்கள். விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற காப்பி செய்யும் கட்டளை பல இடங்களில் பரிந்துரைக்கப்படுகிறது. நல்ல கருவிதான். ஆனால் எதுவும் மாற்றாமல் ஓட்டினால் படிக்க முடியாத ஒரு ஃபைலுக்கு 30 விநாடி இடைவெளியில் 10 லட்சம் முறை முயலும்! மறுமுயற்சியை 1, காத்திருப்பை 1 விநாடி என்று வைத்துக்கொண்டால், கெட்ட ஃபைலைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடும்.

அதுவும் ஃபைல் கணக்கில்தான் தாண்டும். பெரிய வீடியோவில் ஒரு மூலை கெட்டிருந்தால் முழு ஃபைலும் கையை விட்டுப் போகும். இதற்கு நான் சொல்வது குனு டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள். இலவசம். பென் டிரைவில் இருந்து லினக்ஸை ஏற்றி ஓட்டலாம். இது ஃபைலைப் பார்ப்பதே இல்லை, டிஸ்க் முழுவதையும் ஓர் இமேஜாக, அதாவது டிஸ்கின் அச்சு நகலான ஒரே ஃபைலாக எடுக்கும். நன்றாகப் படிக்கிற இடங்களை முதலில் வாரிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதைப் படித்தோம், எது பாக்கி என்பதை மேப் ஃபைல் என்ற தனி ஃபைலில் குறித்துவைக்கும். கட்டளை கொடுக்கும்போது அந்த மேப் ஃபைலின் பெயரையும் மறக்காமல் கொடுங்கள். அது இருந்தால் இடையில் நிறுத்தலாம். டிஸ்கை வேறு டிரைவுக்கு மாற்றி விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். இரண்டு டிரைவ்கள் ஆளுக்குக் கொஞ்சம் படித்து ஓட்டைகளை அடைத்துவிடும்.

கடைசியிலும் படிக்காத இடம் காலியாக இருக்கும். வீடியோவில் அது ஒரு கணம் கட்டம் கட்டமாகத் தெரிந்துவிட்டு ஓடிவிடும். ஜிப் ஃபைல் என்றால் திறக்கவே மறுக்கலாம்.

கேள்வி: டிஸ்கில் எரர் இல்லை. பென் டிரைவுக்குக் காப்பி செய்தால் மட்டும் ‘ஃபைல் மிகப் பெரியது’ என்கிறது. 20 ஜிபி காலியாக இருக்கிறதே!

பதில்: பென் டிரைவ் ஃபேட்32 என்ற ஃபைல் சேமிப்பு முறையில் இருக்கிறது. அதில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்துவைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள்.

கேள்வி: பாட்டு சிடியில் இருந்து எல்லாவற்றையும் காப்பி செய்தேன். ஒவ்வொன்றும் 1 கேபிதான் இருக்கிறது, பாடவும் இல்லை.

பதில்: நீங்கள் காப்பி செய்தது பாட்டை இல்லை. பாட்டு எங்கே தொடங்குகிறது என்று காட்டும் குறிப்பை. ஆடியோ சிடியில் ஃபைல் என்று எதுவும் கிடையாது, விண்டோஸ்தான் அப்படிக் காட்டுகிறது. விண்டோஸ் மீடியா பிளேயரில் ‘ரிப்’ கொடுங்கள், பாட்டை ஃபைலாக மாற்றித் தரும். கீறல் உள்ள சிடி என்றால் ‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’ என்ற மென்பொருள் இன்னும் நல்லது. சந்தேகமான இடத்தைத் திரும்பப் படித்து ஒப்பிடும்.

கேள்வி: டிஸ்கின் அடியில் எழுதின வளையம் நன்றாகத் தெரிகிறது. கணினியோ காலி என்கிறது. முன்பு இதில் படங்கள் இருந்தன, சத்தியமாக.

பதில்: நம்புகிறேன். இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, எழுதிவிட்டு டிஸ்கை ‘ஃபைனலைஸ்’ செய்யாமல், அதாவது மற்ற கருவிகளும் படிக்கும்படி எழுதி முடித்து மூடாமல் விட்டது. எழுதிய கருவி கையில் இருந்தால் அதிலேயே போட்டு ஃபைனலைஸ் கொடுங்கள். இன்னொன்று, பல தவணையாக எழுதும்போது கடைசித் தவணையில் முந்தையதைச் சேர்க்க மறந்தது. பழைய படங்கள் அங்கேயே இருக்கும், பட்டியலில் மட்டும் வராது. ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள் தவணைகளைத் தனித்தனியாகக் காட்டும். எக்காரணம் கொண்டும் ‘ஃபார்மட் செய்யவா’ என்று கேட்டால் சரி சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: ஒரே டிரைவ், சிடி ஓடுகிறது, டிவிடி மட்டும் ஓடவில்லை. அது எப்படி?

பதில்: இரண்டுக்கும் வேறு வேறு லேசர். சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650. ஒன்று பழுதானாலும் மற்றது வேலை செய்யும். வேறு டிவிடிகளும் ஓடவில்லை என்றால் டிரைவை மாற்றுங்கள்.

கேள்வி: யுஎஸ்பி டிவிடி டிரைவ் காப்பியின் நடுவே தானாகத் துண்டித்துக்கொண்டு மறுபடி இணைகிறது.

பதில்: மின்சாரம் போதவில்லை. டிஸ்க் வேகமெடுக்கும்போது அதிகம் இழுக்கும். ஹப் வழியாக இல்லாமல் கணினியிலேயே நேராகச் செருகுங்கள். இரட்டை முனைக் கேபிள் கூட வந்திருந்தால் இரண்டு முனையையும் போடுங்கள்.

கேள்வி: நடு ஓட்டையில் இருந்து சின்ன விரிசல். ஒரே ஒரு தடவை போட்டு எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். 52 மடங்கு வேக டிரைவில் சிடி நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று சுற்றும். விரிசல் உள்ள டிஸ்க் உள்ளேயே சிதறி டிரைவையும் கெடுக்கலாம். உள்ளே இருப்பது அவ்வளவு முக்கியம் என்றால் தகவல் மீட்பு செய்பவர்களிடம், மேலும் வளையாமல் கெட்டியான உறையில் வைத்துக் கொடுங்கள்.