சங்கத்தில் ஆண்களின் துயரத்துக்கு இடம் உண்டா? கேள்வி பதில்

கட்டுமானத் தொழிலாளர் சங்கத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். சொந்த வழக்கு விவரங்களை அனுப்ப வேண்டாம்; அவற்றை வழக்கறிஞரிடம் கொண்டு செல்லுங்கள்.

ஈரோட்டுத் தோழர்: ஆண்கள் பிரச்சினை என்று பேச்செடுத்தாலே நம் மேடைகளில் பிற்போக்கு என்கிறார்களே?

2021இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,64,033 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அவர்களில் ஆண்கள் 1,18,979. அந்த ஆண்களில் 37,751 பேர் தினக்கூலிகள். இவர்கள் யார்? நம்மிடம் சந்தா கட்டியவர்கள், நம் கொடியைப் பிடித்து நடந்தவர்கள். கடன், வேலையில்லாத மழைக்காலம், சாரத்திலிருந்து விழுந்து வளைந்த முதுகு, குடி. வேறு காரணங்களும் இருக்கும், ஆனால் நான் துக்கம் கேட்கப் போன வீடுகளில் திரும்பத் திரும்பக் கண்டவை இவை. இறந்தவனுக்கு நல வாரியப் பணம் வாங்கிக் கொடுத்தோம். உயிரோடு இருந்தபோது "எப்படி இருக்கிறாய்?" என்று ஒரு நாளாவது உட்கார்ந்து கேட்டோமா? நாங்கள் கேட்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் பெண்களைத் திட்டும் குழுக்கள் வந்து அமர்ந்தன.

ஒரே ஓர் எச்சரிக்கை: இந்த எண்களைப் பெண்களுக்கு எதிரான கணக்காக ஆக்காதீர்கள்.

கடலூர்: மலக்குழி மரணங்களையும் இதில் சேர்க்கலாமா?

முதலில் அது சாதிக் கொலை. உலர் கழிப்பறைகளைச் சுத்தம் செய்ய வைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். குழிக்குள் இறக்கப்படுபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். இரண்டும் ஒரே சாதிகளின் தலையில் விழுந்தவை. மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதற்கு 2013இல் தடைச் சட்டம் வந்தது. இப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு 2014 தீர்ப்பில் 10 லட்சமாக இருந்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. காவல் நிலையத்தில் ஒப்பந்ததாரர் பணக்கட்டோடு வந்து நிற்பார். முதல் தகவல் அறிக்கை கைக்கு வரும்வரை அவர் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

சேலம்: தேசிய ஆண்கள் ஆணையம் வேண்டும் என்று சங்கம் தீர்மானம் போடுமா?

2023 ஜூலையில் அந்தக் கோரிக்கையோடு வந்த மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நானும் ஆதரிக்கவில்லை. கூலியும் பாதுகாப்பு வலையும் ஆணையத்தால் வந்துவிடாது.

பெயர் வேண்டாம்: ஓர் ஆண் மேற்பார்வையாளரால் பாலியல் வன்முறைக்கு ஆளானேன். சட்டம் என்ன சொல்கிறது?

நடந்ததில் உங்கள் தவறு எதுவும் இல்லை, தம்பி. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் ஆண் பிள்ளைகளையும் காக்கிறது. வயது வந்தவர் என்றால் பெரிய ஓட்டை இருக்கிறது. வயது வந்தோரின் சம்மதத்தோடான தன்பாலின உறவு குற்றமல்ல என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும், சம்மதமில்லாத செயலுக்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு பொருந்தியது. 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. தாக்குதல், மிரட்டல் பிரிவுகளில் புகார் தரலாம், வழக்கறிஞரோடு போங்கள். அந்த ஓட்டையை அடைக்கச் சொல்லி நம் மாநாடுகள் குரல் கொடுக்க வேண்டும்.

திருச்சி: ஆண்கள் ஆணையம் பற்றி உங்கள் கருத்து?

மேலே சொல்லிவிட்டேன். படித்துவிட்டுக் கேளுங்கள்.

மதுரைத் தோழர் (சித்தாள், மகளிர் குழு): அண்ணா, அதே 2021 அறிக்கையில் இல்லத்தரசிகள் 23,178 பேர். அதை ஏன் விட்டீர்கள்? கொத்தனாருக்குக் கொடுப்பதில் பாதி கூலிக்கு நாங்கள் கல் சுமக்கிறோம். அந்தக் கொத்தனார் குடித்துவிட்டு வந்து அடிப்பதும் எங்களைத்தான். இப்போது அவர் கண்ணீரையும் நாங்கள் துடைக்க வேண்டுமா?

அந்த எண்ணை நான் விட்டிருக்கக் கூடாது, தங்கச்சி. நீங்கள் துடைக்க வேண்டாம். அது ஆண்களாகிய நாங்கள் ஒருவருக்கொருவர் செய்ய வேண்டிய வேலை. செய்யாததால்தான் சுமை உங்கள் மேல் விழுந்தது.

சேலம் (மீண்டும்): பொய் வரதட்சணை வழக்கில் மாட்டியவர்களைப் பற்றி ஏன் பேச மறுக்கிறீர்கள்?

பொய்யாகச் சிக்கியவருக்கு நியாயம் வேண்டும், மறுக்கவில்லை. அதற்காக வரதட்சணைக் கொடுமைச் சட்டத்தையே எடுத்துவிடு என்பவரோடு ஒரே மேடையில் நிற்க மாட்டேன். முதல் பதிலில் சொன்ன எச்சரிக்கை உங்களுக்காகத்தான்.

மதுரைத் தோழர்: ஆண்கள் தனியே உட்கார்ந்து பேசினால் கடைசியில் எங்களைக் குறை சொல்லித்தான் கலைவார்கள்.

நியாயமான பயம். எங்கள் பகுதியில் ஆண்கள் கூட்டம் அப்படித்தான் தொடங்கியது. முதல் இரண்டு கூட்டங்களில் மனைவிமாரைத் திட்டுவதைத் தவிர வேறு பேச்சே இல்லை. மூன்றாவது கூட்டத்தில் வயதான கம்பி கட்டும் தொழிலாளி ஒருவர் எழுந்து, "நான் அவளை அடித்த நாட்களை எண்ணிப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை" என்றார். அதன்பின் பேச்சு மாறியது. சித்தாள் கூலி உயர்வுக்கான கோரிக்கையில் அந்தக் கூட்டத்து ஆண்கள்தான் முதலில் கையெழுத்திட்டார்கள். கூட்டத்தில் எடுத்த முடிவுகளை மகளிர் குழுவிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. அதையும் மீறினால் கூட்டத்தைக் கலைத்துவிடுங்கள். நான் உங்கள் பக்கம் நிற்பேன்.

வேலூர்: தந்தையர் விடுப்பு?

மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள். கட்டடத் தொழிலாளிக்கு ஒரு நாளும் இல்லை. அடுத்த கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள்.

விழுப்புரம்: மூன்று மாதமாகத் தூக்கமில்லை. தோழர்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இதைப் படித்தவுடன் 14416க்கு அழையுங்கள். அரசின் மனநல உதவி எண், கட்டணமில்லை. தமிழில் பேசலாம். பேசி முடித்ததும் எனக்கு எழுதுங்கள், தோழரே. இரவு எந்த நேரமானாலும் விழித்திருப்பேன்.