ராமநாதபுரம் மாவட்டத்தில் குடும்பத்தோடு இரண்டு நாள் காடு, பறவை, விலங்கு பார்த்து ஓய்வெடுக்க இடம் உண்டா?

உண்டு. காரங்காடு.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் கேள்விக்குக் கீழே, "அந்த வறண்ட மாவட்டத்தில் காடு ஏது, பேசாமல் ஆனைமலை டாப்ஸ்லிப்புக்கே போய்விடலாமா?" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு பிள்ளைகள், மூட்டுவலியோடு அம்மா, கையில் இருப்பது சனி ஞாயிறு மட்டும் என்கிறீர்கள். போன மாசியில் எங்கள் வீட்டு நிலைமையும் அச்சு அசல் இதுதான்.

நான் பிறந்தது தேவிபட்டினம் பக்கம். கட்டிக்கொடுத்தது தேனி. இப்போது குடியிருப்பது மதுரையில். அந்த மாசிக்கு முந்தைய வருஷம் ஒரு மலைக்காட்டு முகாமுக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். ராத்திரி பதினோரு மணி தாண்டியும் ஸ்பீக்கரில் பாட்டு, தீ மூட்டி ஆட்டம். என் மாமியார் இரண்டு ராத்திரியும் கண்ணை மூடவில்லை. காட்டில் ஒரு குருவிச் சத்தம்கூடக் காதில் விழவில்லை என்று பெரியவன் அழாத குறை. அதனால் இந்த முறை என் ஊருக்குப் போவோம் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். மாமியாருக்கு அரை மனசு. "அங்க கருவேல மரத்த விட்டா என்னம்மா இருக்கு?" என்றார்.

தேவிபட்டினத்திலிருந்து தொண்டி போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய், கடல் பக்கம் திரும்பினால் காரங்காடு. மீன்பிடிக்கிற ஊர். அங்கே அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். எங்களோடு என் அப்பாவும் வந்தார். நாற்பது வருஷம் வத்தையில், அதாவது நாட்டுப் படகில், தொழில் பார்த்தவர்.

இரண்டு பக்கமும் மரம் நெருங்கி நிற்கிற ஓடையில் படகு மெதுவாகத்தான் போகும். கரைச் சேறு முழுக்க ஆணி அடித்து வைத்த மாதிரி வேர்கள் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். சேற்றுக்குள் காற்று கிடையாது என்பதால் மரம் அந்த வேர் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கிற சின்ன நண்டுகள், யாரையோ வா வா என்று கூப்பிடுகிற மாதிரி அதை ஆட்டிக்கொண்டே இருந்தன. "உப்புத் தண்ணியில நின்னுக்கிட்டு இம்புட்டுப் பச்சையா எப்படிம்மா இருக்கு?" என்று மாமியார் கேட்டார். படகை உரசிய கிளையில் ஓர் இலையை அப்பா திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம் பொடிப்பொடியாக வெள்ளை. சின்னவன் விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு. உறிஞ்சின உப்பை மரம் இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. வெண்கண்டல் என்று அந்த மரத்துக்குப் பெயர். மாமியாரும் ஒருமுறை தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

ஓடை கடலில் திறக்கிற இடத்தில் படகை நிறுத்தினார்கள். அலையே இல்லை. பாக் விரிகுடா எங்களுக்கு வடகடல், பெண்கடல் என்றும் சொல்வோம். பெரியவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவன், இங்கே பெரிய விலங்கு ஒன்றுமே இல்லையா என்று கேட்டான். அப்பா, "ஆவுளியா இருக்குய்யா" என்றார்.

ஆவுளியா என்றால் கடல் பசு. கடலுக்கு அடியில் புல் மேய்கிற பிராணி. ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான் போடும், அதுவும் சில வருஷத்துக்கு ஒருமுறை. குட்டிக்குப் பால் கொடுக்கும். இந்தக் கரையில் பிறந்து வளர்ந்த நான் ஒன்றைக்கூட உயிரோடு பார்த்தது கிடையாது.

அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒரு தடவ திருக்கை வலையில மாட்டிருச்சு. அது மூச்சு வாங்க மேல வரணும். வல விடல. விடியப் போய்ப் பாத்தா செத்துக் கெடக்கு."

"அப்புறம் என்ன தாத்தா பண்ணீங்க?"

"பங்கு போட்டுத் தின்னோம்யா."

யாரும் பேசவில்லை. சின்னவன்தான், "குட்டி இருந்துச்சா?" என்றான். அப்பா கொஞ்ச நேரம் கழித்து, "இருந்துச்சு. வத்தையச் சுத்திச் சுத்தி வந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். படகு ஓட்டிய தம்பி, "இப்பல்லாம் வலைய அறுத்து விட்டுர்றோம் பெரியப்பா" என்றான். அப்படி உயிரோடு விடுகிறவர்களுக்கு வனத்துறை சன்மானமும் கொடுக்கிறது. வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் கடல் பசுவுக்கென்றே ஒதுக்கிவிட்டார்கள் என்பதும் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. "அதுக்குன்னு ஒரு எடம் இருக்குல்ல இப்ப" என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார்.

இதைப் படித்துவிட்டு என் அப்பாவைத் திட்ட வருகிறவர்களுக்கு ஒன்று. அவருக்கு இப்போது 73 வயசு. அது நடந்தபோது பதினாறு இருக்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1972-ல்தான். இத்தனை வருஷமாக எங்களிடம்கூடச் சொல்லாததைப் பேரன்கள் கேட்டதும் மறைக்காமல் சொன்னார். எனக்கு அது பெரிய விஷயம்.

கரைக்கு வந்து, ஊர்ப் பெண்கள் சமைத்துக் கொடுத்த நண்டு சூப்பும் கணவாய்த் தொக்கும் சாப்பிட்டோம். பிறகு அப்பா வீட்டுத் திண்ணையில் பாய் விரித்து, கடல் காற்றில் எல்லோரும் சாயங்காலம் வரை தூங்கினோம். என் கணவர் போனை எடுத்தே பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தனுஷ்கோடி. பூநாரைகள் ஆழமில்லாத தண்ணீரில் வரிசையாக நின்றன. 2025-ல் அதைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். திரும்பும்போது ராமநாதபுரத்தை ஒட்டியே சக்கரக்கோட்டைக் கண்மாயில் கூழைக்கடா பார்த்தோம். நேரம் இருந்தால் தென்கடல் பக்கம் மன்னார் வளைகுடா இருக்கிறது. அங்கே 21 தீவுகளையும் சேர்த்து 1986-லேயே கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தாயிற்று. நாங்கள் போகவில்லை, அதனால் அதைப் பற்றி நீட்டி எழுதவில்லை.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று இருக்கிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரிந்தே எழுதுகிறேன். "தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திருவேன்" என்று சினிமாவில் ஒருத்தர் சொல்ல எல்லோரும் சிரிப்பார்கள். அந்தக் காடு எங்கள் ஊர். என் அண்ணனுக்கு மூன்று இடத்தில் பெண் கொடுக்கவில்லை. ஒரு வீட்டில் முகத்துக்கு நேராகவே, "எங்க பொண்ணு குடம் தூக்க வர மாட்டா" என்றார்கள். என் அம்மா அதைச் சாகிற வரை சொல்லிக்கொண்டிருந்தார். குடிதண்ணீர்க் கஷ்டம் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் ஆர்.எஸ். மங்கலம் கண்மாயைப் பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள். நாரைகூட ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாது என்று அதற்கு 'நாரை பறக்கா நாற்பத்தெட்டு மடை' என்று பெயர். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 2022-லேயே உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலுக்குப் போய்விட்டன. பறவைகள் தண்ணீர் இல்லாத இடத்துக்கா இவ்வளவு தூரம் வருகின்றன?

ஊர்ப்பாசத்தில் அளக்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் காசு கொடுத்து எழுதச் சொல்லவில்லை. யானை, புலி பார்த்தே தீர வேண்டும் என்றால் நீங்கள் மலைக்குத்தான் போக வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் வடகடல் கொந்தளிக்கும், அப்போது வர வேண்டாம். தையும் மாசியும் நல்லது. வெயிலுக்கு முன்னால் காலையிலேயே படகேறிவிடுங்கள், பிள்ளைகளுக்குத் தொப்பி அவசியம்.

அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். என் மாமியாருக்கும் இரண்டு முழங்காலும் வலிதான். படகு ஆடுகிறதே என்று தயங்கி நின்றபோது அந்தத் தம்பி ஒரு பக்கம், என் அப்பா ஒரு பக்கம் கையைப் பிடித்து ஏற்றி, அலுங்காமல் நடுப்பலகையில் உட்கார வைத்தார்கள்.