சுவிட்சைப் போடுவதற்கு முன்னால்: பழைய ராணுவ ரேடியோ கேள்வி பதில்

வெலிங்டனில் வயர்லெஸ் செட் பழுது பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது குன்னூரில் வீட்டுப் பின்கட்டு அறையில் இரண்டாம் உலகப் போர்க் கால ரிசீவர்களை ஒவ்வொன்றாகச் சரி செய்துகொண்டிருக்கிறேன். கேள்வி இருந்தால் எழுதுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

கோத்தகிரியிலிருந்து: சார், தாத்தா ஒரு எஸ்டேட் துரையிடம் வாங்கிய ரேடியோ பரணில் கிடந்தது. முன்பக்கத் தகட்டில் ஆர் 1155 என்று இருக்கிறது. நாற்பது வருஷமாக யாரும் தொடவில்லை. பிளக்கில் சொருகிப் பார்க்கலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். எனக்கு வந்த கேள்விகளில் பாதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வால்வு (டிரான்சிஸ்டருக்கு முன்னால் இருந்த கண்ணாடிக் குழாய்) ரேடியோவுக்கு வயசு பெரிய எதிரி இல்லை. நம் ஊரில் எதிரி ஈரம். ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன், ஜூலை மழை. குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகை. இடையில் பனிமூட்டம். பரணில் கிடந்த டிரான்ஸ்பார்மர் தன் காகித அடுக்குக்குள் அந்த ஈரத்தை எல்லாம் வருஷக் கணக்கில் இழுத்து வைத்திருக்கும். வெளியே தொட்டால் காய்ந்துதான் இருக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என்னிடம் ஒரு பிசி 348 வந்தது. அமெரிக்க பி-17, பி-24 குண்டுவீச்சு விமானங்களில் இருந்த ரிசீவர். விமானத்தில் 28 வோல்ட்டில் ஓடியது. யாரோ அதன் டைனமோட்டரை (பேட்டரிக் கரண்டை உயர் வோல்டேஜாக்கும் சுழல் கருவி) கழற்றிவிட்டு வீட்டுக் கரண்டில் ஓடும் பவர் சப்ளை வைத்திருந்தார்கள். நல்ல சுத்தமான செட். ஒரு கார்த்திகை மாசம், ஆசையில் அன்றைக்கே சுவிட்சைப் போட்டேன். டயல் விளக்கு எரிந்தது, ஹெட்போனில் இரைச்சல்கூட வந்தது. இரண்டு நிமிஷத்தில் சூடான மெழுகு வாசனை, அப்புறம் புகை. டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. கோயம்புத்தூரில் கொடுத்துத் திரும்பச் சுற்றி வாங்கினேன், செட் இன்றைக்கும் பாடுகிறது. ஆனால் அந்தப் பழைய டிரான்ஸ்பார்மர் ஐந்து நாள் காத்திருந்தால் பிழைத்திருக்கும். அது இன்னும் எனக்கு வருத்தம்தான்.

அதனால் முதல் வேலை உலர்த்துவது. செட் உள்ளே போகிற அளவுக்கு ஒரு மரப்பெட்டி, அடியில் ஒரு 60 வாட் குண்டு பல்பு, மேலே இரண்டு சின்ன ஓட்டை. உள்ளே சூடு 45 டிகிரியைத் தாண்டக் கூடாது, ஏனென்றால் காயில்களிலும் கண்டென்சர்களிலும் (மின்தேக்கிகள்) மெழுகு இருக்கிறது. நான்கைந்து நாள் அப்படியே விடுங்கள். பிறகு 500 வோல்ட் மெக்கர் (காப்பின் தடையை அளக்கும் கருவி) வைத்து டிரான்ஸ்பார்மரின் சுருளுக்கும் இரும்புக்கும் இடையே அளக்க வேண்டும். மெக்கர் உங்களிடம் இருக்காது, மோட்டார் வைண்டிங் கடையில் இருக்கும். 20 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் நான் திரும்பவும் பெட்டிக்குள் வைத்துவிடுவேன். மெயின் லைனிலிருந்து சேசிஸுக்கு (செட்டின் உலோகச் சட்டம்) போகும் கண்டென்சரை முதலில் ஒரு பக்கம் கழற்றிவிட்டு அளக்கவும், இல்லாவிட்டால் அளவு தப்பாக வரும்.

அதே நண்பர்: உலர்த்தியாகிவிட்டது என்றால் அடுத்து? வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர்) வைத்து மெதுவாக ஏற்றலாம் என்கிறார்களே?

வேரியாக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிபையர் வால்வு இருக்கும் செட்டில், அந்த வால்வின் இழை சூடாகும்வரை உயர் வோல்டேஜே வராது. மெதுவாக ஏற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், ஒரு கட்டத்தில் சட்டென்று வந்துவிடும். நான் நம்புவது தொடரில் மாட்டிய குண்டு பல்பைத்தான். 60 வாட் பல்பு வழியாகச் செட்டுக்குக் கரண்ட் கொடுங்கள். போட்டதும் பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் உள்ளே எங்கேயோ ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். எல்இடி பல்பு இதற்கு ஆகாது.

அமெரிக்க செட்டுகளில் பலவும் 115 வோல்ட். எழுதியிருப்பதைப் படிக்காமல் 230இல் சொருகாதீர்கள்.

இன்னும் ஒன்று கேட்டிருக்கிறார்: இதில் ஸ்பீக்கர் இல்லை. முன்பலகையில் யாரோ ஓட்டை போட்டு ஏதோ வால்வு சேர்த்திருக்கிறார்கள். கெடுத்துவிட்டார்களா?

ஆர் 1155 பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானமான லங்காஸ்டரில் டி 1154 டிரான்ஸ்மிட்டருடன் ஜோடியாக இருந்தது. வயர்லெஸ் ஆபரேட்டர் ஹெட்போனில் கேட்பார், அதனால் ஸ்பீக்கர் ஓட்டும் அவுட்புட் பகுதியே உள்ளே கிடையாது. போர் முடிந்ததும் இவை மலிவாக விற்பனைக்கு வந்தன. வாங்கியவர்கள் திசை காணும் பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு 6வி6 அவுட்புட்டும் பவர் சப்ளையும் வைத்துக்கொண்டார்கள். உங்கள் தாத்தா காலத்து வேலையும் அதுதான். வேலை சுத்தமாக இருந்தால் அதை அப்படியே விடுவேன். அந்த ஓட்டை வழியாகத்தான் உங்கள் வீட்டில் பாட்டும் செய்தியும் கேட்டிருக்கிறது. புதிதாக ஓட்டை போடுவதற்கு மட்டும் நான் ஒப்ப மாட்டேன்.

முக்கியமான ஒன்று: இந்த செட்டில் உயர் வோல்டேஜின் மைனஸ் சேசிஸோடு நேராக இணையாது. இடையில் இருக்கும் ரெசிஸ்டர்களில்தான் வால்வுகளுக்கான கிரிட் பயாஸ் பிறக்கிறது; அதாவது வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட் முனைக்கு வேண்டிய மைனஸ் வோல்டேஜ். புதிதாகப் பவர் சப்ளை செய்பவர்கள் பழக்கத்தில் மைனஸை சேசிஸில் வைத்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். செட் பாடும், ஆனால் பயாஸ் இல்லாமல் வால்வுகள் சீக்கிரம் களைத்துப் போகும்.

அருவங்காட்டிலிருந்து: ஐயா, காயலான் கடையில் ஒரு செட் எடுத்தேன். முன்பலகையில் இங்கிலீஷும் ரஷ்ய எழுத்தும் சேர்ந்து இருக்கிறது. இது ரஷ்ய உளவு செட்டா?

இல்லை தம்பி. அது வயர்லெஸ் செட் நம்பர் 19. பிரிட்டனில் டாங்கிகளுக்காக வடிவமைத்தது. கனடாவிலும் ஏராளமாகச் செய்தார்கள். சோவியத் படைக்கும் அனுப்ப வேண்டியிருந்ததால் கனடா செட்டுகளில் இரண்டு எழுத்தும் இருக்கும். 2 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரை எடுக்கும். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். கூடவே வரும் சப்ளை பெட்டி அதை 500 வோல்ட்டுக்கு மேல் ஏற்றித் தரும். அந்தப் பக்கம் கை போனால் உயிர் போகும், விளையாட்டில்லை. ரிசீவரை மட்டும் ஓட்டுங்கள். அனுப்பும் பகுதியைத் தொட வேண்டும் என்றால் முதலில் ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) பரீட்சை எழுதி உரிமம் வாங்குங்கள்.

சப்ளையை அணைத்த பிறகும் கண்டென்சரில் கரண்ட் நிற்கும். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் காப்பிட்ட கிளிப் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் வடித்துவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். இன்னொரு கை சட்டைப் பையில் இருக்கட்டும்.

கொடைக்கானலிலிருந்து ஓர் ஆசிரியை: அப்பாவின் செட் போட்டதும் நன்றாகப் பாடுகிறது. பத்து நிமிஷத்தில் குரல் கரகரவென்று ஆகி, பெரிய வால்வு ஒன்று உள்ளே சிவக்கிறது. பார்த்ததும் அணைத்துவிட்டேன்.

அம்மா, சிவப்பதைப் பார்த்ததும் அணைத்துவிட்டீர்களே, அதுவே பாதி வைத்தியம். அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு முன்னால் ஒரு காகிதக் கண்டென்சர் இருக்கும், பெரும்பாலும் 0.01 மைக்ரோஃபாரட். முந்தைய வால்வின் பிளேட்டில் (பிளஸ் முனை) இருக்கும் நூற்றுச் சொச்சம் வோல்ட்டைத் தடுத்து, ஒலியை மட்டும் விடுவது அதன் வேலை. ஈரம் ஏறிய காகிதம் அந்த வோல்ட்டைக் கசிய விடுகிறது. கிரிட்டில் பிளஸ் ஏறினால் வால்வு கட்டுப்பாடில்லாமல் கரண்ட் இழுத்துச் சிவக்கும். சூடு ஏற ஏறக் கசிவும் ஏறும், அதனால்தான் பத்து நிமிஷம்.

சோதிக்க: அவுட்புட் வால்வைக் கழற்றிவிட்டு, அதன் சாக்கெட்டில் கிரிட் முனைக்கும் சேசிஸுக்கும் இடையே டிஜிட்டல் மீட்டரை வையுங்கள். அரை வோல்ட் பிளஸ் காட்டினாலும் கண்டென்சர் குற்றவாளி. 630 வோல்ட் பாலியெஸ்டர் கண்டென்சர் போட்டால் சரியாகிவிடும். பழையதை எறியாதீர்கள். நான் அந்த அட்டைக் குழாயை லேசாகச் சூடாக்கி உள்ளே இருப்பதை உருவிவிட்டு, புதியதை அதற்குள் வைத்து, மெழுகு ஊற்றி மூடிவிடுவேன். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் 1943இல் வைத்தது போலவே இருக்கும். இதற்குக் கண்டென்சருக்கு அரை மணி நேரம் ஆகும், எனக்கு அந்த அரை மணி நேரம் பிடிக்கும்.

எல்லாக் காகிதக் கண்டென்சரையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றுங்கள், ஓட்டிப் பாருங்கள், அடுத்தது. எங்கே தப்பு செய்தோம் என்று அப்போதுதான் தெரியும்.

குன்னூரிலிருந்து: உள்ளே இருக்கும் வயரைத் தொட்டாலே மேல்தோல் முறுக்கு மாதிரி உடைந்து கொட்டுகிறது.

அது ரப்பர் காப்பு. போர்க் கால பிரிட்டிஷ் செட்டுகளில் நிறைய. இதற்கு ஒட்டு வேலை செல்லாது, அந்த வயர்களை மாற்றியே ஆக வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே வயர். கழற்றும் முன் நான்கு பக்கமும் போட்டோ. பழைய நிறமே கிடைத்தால் நல்லது. பருத்தி உறை போட்ட வயராக இருந்தால் தொட வேண்டாம், அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

ஊட்டியிலிருந்து கல்லூரி மாணவர்: ஸ்டேஷன் பிடிக்கும்போது விசில் அடிக்கிறது. ஐஎஃப் டிரிம்மரைத் திருப்பிப் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது.

ஐஎஃப் என்பது எந்த ஸ்டேஷனையும் செட் உள்ளே மாற்றிக்கொள்ளும் நிலையான இடை அதிர்வெண். அதைச் சரி செய்யும் திருகான டிரிம்மரைக் கடைசியில்தான் தொட வேண்டும் தம்பி. கண்டென்சர், ரெசிஸ்டர், வால்வு எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு, சிக்னல் ஜெனரேட்டர் வைத்து, பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவரால். ஆர் 1155இன் ஐஎஃப் 560 கிலோஹெர்ட்ஸ், பிசி 348இல் 915. வழக்கமான 455 என்று நினைத்துத் திருப்பினால் செட் ஊமையாகிவிடும்.

விசிலுக்கு முதலில் வால்வின் மேல் பூச்சைப் பாருங்கள். சில பிரிட்டிஷ் வால்வுகளின் கண்ணாடி மேல் சாம்பல் நிற உலோகப் பூச்சு இருக்கும். அது அழகுக்கு இல்லை, வேண்டாத சிக்னலைத் தடுக்கும் மறைப்புக்கு. அடியில் ஒரு மெல்லிய கம்பி அதைச் சேசிஸோடு இணைக்கும். பூச்சு உதிர்ந்தாலோ கம்பி அறுந்தாலோ வால்வு ஊளையிடும். வால்வைச் சுற்றி அலுமினியத் தாள், அதன் மேல் நெருக்கமாக வெற்றுச் செம்புக் கம்பி சுற்றி, முனையைச் சேசிஸில் இணைத்துப் பாருங்கள்.

ஊட்டிப் பக்கத்து முத்தோரை ரேடியோ தொலைநோக்கி கேட்பதை இதில் கேட்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியாது. அது 326.5 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது, உங்கள் செட் 18இல் நின்றுவிடும்.

பண்ணைக்காட்டிலிருந்து: மீட்டரின் முள் இருட்டில் ஒளிர்ந்ததாக அப்பா சொல்வார். இப்போது ஒளிரவில்லை. சுரண்டிவிட்டுப் புதுப் பெயிண்ட் அடிக்கலாமா?

சுரண்டாதீர்கள். அந்தக் காலத்து ஒளிரும் பூச்சில் ரேடியம் கலந்திருக்கும். ஒளி மங்கியது கூட இருந்த வேதிப்பொருள் தேய்ந்ததால். ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருஷம், அது அப்படியே இருக்கிறது. கண்ணாடி மூடியிருக்கும்வரை அறையில் வைத்துக்கொள்ளலாம். பூச்சுத் தூள் மூச்சில் போவதுதான் ஆபத்து. கண்ணாடி உடைந்திருந்தால் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். சேசிஸில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூத்திருக்கும் காட்மியம் முலாமையும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, அதுவும் விஷம். ஈரத் துணியால் துடைத்து, துணியை எறிந்துவிடுங்கள்.

முன்பலகைக்கு மிதமான சோப்புத் தண்ணீர் போதும். புதுப் பெயிண்ட் அடிக்க வேண்டாம்.

கூடலூரிலிருந்து: ஏரியல் எப்படிக் கட்டுவது? எங்களுக்கு இடி அதிகம்.

இருபது மீட்டர் செம்புக் கம்பி போதும். வீட்டுக்கும் ஒரு சில்வர் ஓக் மரத்துக்கும் இடையே கட்டுங்கள். மரம் காற்றில் ஆடும், நேராகக் கட்டினால் முதல் காற்றிலேயே அறும். மரத்தில் ஒரு கப்பி மாட்டி, கயிற்றின் மறுமுனையில் செங்கல்லைத் தொங்கவிட்டால் மரத்தோடு கம்பியும் ஏறி இறங்கும். சித்திரை, வைகாசி மாலைகளில் மேகம் திரண்டதுமே ஏரியலைச் செட்டிலிருந்து கழற்றி வெளியே எர்த்தில் மாட்டிவிடுங்கள். இடி கேட்ட பிறகு கழற்றப் போகக் கூடாது.

கோத்தகிரியிலிருந்து ஒரு தங்கை: செட் ஓடுகிறது அண்ணா, ஆனால் 7 மெகாஹெர்ட்ஸில் ஆட்கள் பேசுவது வாத்து கத்துவது போல் இருக்கிறது.

அவர்கள் ஹாம்கள், ஒற்றைப் பக்கப் பட்டையில் (எஸ்எஸ்பி, சாதாரண ரேடியோவில் குரல் தெளியாத முறை) பேசுகிறார்கள். உங்கள் செட்டில் மோர்ஸ் கேட்பதற்காக பிஎஃப்ஓ என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போடுங்கள். தானியங்கி கெயினை (சிக்னல் அளவைத் தானே சரி செய்யும் வசதி) நிறுத்துங்கள். ஒலியை முழுசாக ஏற்றிவிட்டு, ஆர்எஃப் கெயினை (ஏரியல் சிக்னலைப் பெருக்கும் அளவு) நன்றாகக் குறைத்து, அதைக் கொண்டே சத்தத்தைக் கூட்டிக் குறையுங்கள். இப்போது டயலை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால் வாத்துக் குரல் மெல்ல மெல்ல மனுஷக் குரலாகும். காலையில் கேட்டால் தமிழிலேயே நலம் விசாரித்துக்கொள்வார்கள்.

கடைசியாகப் பலர் கேட்டது: சரி செய்த பிறகு எப்படிப் பராமரிப்பது?

ஓட்டுங்கள். வாரம் ஒரு தடவை, அரை மணி நேரம். வால்வுச் சூடே செட்டை உலர்த்திவிடும். பேண்ட் சுவிட்சை ஒரு சுற்று முழுசாகத் திருப்புங்கள், தொடுமுனைகள் தாமாகத் துடைத்துக்கொள்ளும். டியூனிங் பல்சக்கரத்துக்கு வருஷத்துக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், பருத்தித் துணி போடுங்கள். ஒரு மாசத்துக்கு மேல் ஊருக்குப் போனீர்கள் என்றால் திரும்பி வந்ததும் முதலில் அந்தப் பல்புப் பெட்டி, பிறகுதான் சுவிட்ச்.