மீன்தொட்டித் தண்ணீர் பால்போல் வெளுத்தால் என்ன செய்வது?

கேள்வி: இரண்டு அடி நீளமுள்ள புதிய மீன்தொட்டியில் குழாய்த் தண்ணீரை நிரப்பி, அன்றைக்கே நான்கு தங்கமீன்களை விட்டோம். மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுத்துவிட்டது. கடைக்காரர் சொன்னபடி முழுத் தண்ணீரையும் இறைத்துவிட்டு, கற்களையும் பில்டர் ஸ்பாஞ்சையும் குழாயடியில் நன்றாகக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, நீல மருந்தும் சில சொட்டுகள் விட்டோம். இரண்டு நாளில் மறுபடியும் வெளுத்துவிட்டது. இப்படி மூன்று முறை ஆகிவிட்டது. நேற்று ஒரு மீன் இறந்துபோனது; மற்றவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. தண்ணீரைத் தெளிய வைப்பது எப்படி? (வாசகர், அம்பத்தூர், சென்னை)

பதில்: உங்கள் கேள்வி தண்ணீரைத் தெளிய வைப்பது பற்றியதாக இருந்தாலும், நீங்கள் எழுதியதில் உடனடியாகக் கவனிக்க வேண்டியது மீன்கள் மேலே வந்து வாயை அசைத்துக்கொண்டிருப்பதைத்தான். மூச்சுத் திணறும் மீன் அப்படித்தான் செய்யும். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். குழாய்த் தண்ணீரில் இருந்த குளோரின் செவுள்களைப் புண்ணாக்கியிருக்கலாம். மீன்கள் வெளியேற்றிய அம்மோனியா சேர்ந்திருக்கலாம். தண்ணீரை நிரப்பும் முன் குளோரினை நீக்கியதாக நீங்கள் எங்கும் குறிப்பிடாததால், உங்கள் தொட்டியில் இந்த மூன்றுமே ஒன்றாக நேர்ந்திருக்கும் என்று அஞ்சுகிறேன்.

ஏர் பம்பை இரவு பகலாக ஓட விடுங்கள். குமிழிகள் தண்ணீரின் மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆக்சிஜன் பெரும்பாலும் அந்த மேற்பரப்பின் வழியாகவே கரைகிறது. இரண்டு நாட்களுக்கு உணவு எதுவும் போடாதீர்கள். நல்ல நிலையிலுள்ள தங்கமீன் ஒரு வாரம் வரைகூட உணவின்றித் தாங்கும் என்பதால், பசிக்குமே என்று இரக்கப்பட்டுப் போடும் ஒரு சிட்டிகை உணவுதான் இந்த நேரத்தில் அதற்குக் கேடு. இன்றே தொட்டித் தண்ணீரில் நான்கில் ஒரு பங்கை மட்டும் எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உள்ள தொட்டியின் கொள்ளளவு 54 லிட்டர். கற்களுக்கும் மேலே விடும் இடைவெளிக்கும் கழித்தால் ஏறத்தாழ 45 லிட்டர் தண்ணீர்தான் நிற்கும். எனவே, ஒரு முறைக்கு 11 லிட்டர் மாற்றினால் போதும். குளோரினை நீக்கக் கடைகளில் ஆன்டி குளோரின் என்ற பெயரில் விற்கும் சோடியம் தயோசல்பேட்டைப் புட்டியில் குறித்துள்ள அளவில் சேர்க்கலாம். அல்லது திறந்த வாளியில் தண்ணீரைப் பிடித்து, அதில் ஏர் பம்புடன் இணைத்த காற்றுக்கல்லைப் போட்டு 24 மணி நேரம் வைத்திருந்தாலும் குளோரின் வெளியேறிவிடும். நாளையும் நாளை மறுநாளும் இதேபோல் கால் பங்கு மாற்றுங்கள். இந்த நாட்களில் கற்களையும் ஸ்பாஞ்சையும் தொடவே வேண்டாம்.

இதைச் சொல்வதற்குக் காரணம், உங்கள் தொட்டியில் நடப்பது இரண்டு விதமான பாக்டீரியாக்களுக்கு இடையிலான வேக வேறுபாடு என்பதுதான். மீன் கழிவிலும் மிஞ்சிய உணவிலும் உள்ள கரிமப் பொருளைத் தின்னும் பாக்டீரியாக்கள் சாதகமான சூழலில் சில மணி நேரத்துக்குள்ளேயே பலமுறை இரட்டிப்பாகிவிடுகின்றன. தண்ணீரில் மிதந்தபடியே கோடிக்கணக்கில் பெருகி ஒளியைச் சிதறடிக்கும் அவற்றைத்தான் நாம் வெண்மையாகப் பார்க்கிறோம். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே இருப்பதால் ஸ்பாஞ்சின் துளைகளில் அவை சிக்குவதில்லை. எவ்வளவு விலையுயர்ந்த பில்டர் பொருத்தினாலும் அந்த வெண்மை வடிகட்டப்படாததற்கு இதுவே காரணம். இவை நேரடியாக மீனைக் கொல்வதில்லை. ஆனால் ஆக்சிஜனை ஏராளமாகச் செலவிடுகின்றன. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான் கரையும். சென்னையின் கோடையில் தொட்டி வெளுக்கும்போது மீன்கள் மூச்சுக்குத் தவிப்பதன் பின்னணி இது.

மற்றொரு வகை, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள். நைட்ரோசோமோனாஸ், நைட்ரோஸ்பைரா ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. ஒரு முறை இரட்டிப்பாகவே இவற்றுக்கு அரை நாளோ, ஒரு நாளோ, அதற்கு மேலோ ஆகும். எனவே, புதிய தொட்டியில் இவை போதிய அளவுக்குப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் தேவைப்படும். இவை பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை. ஸ்பாஞ்சிலும் கற்களிலும் கண்ணாடியிலும் மெல்லிய படலமாக ஒட்டி வாழ்கின்றன. கற்களையும் ஸ்பாஞ்சையும் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவியபோது, வளரத் தொடங்கியிருந்த அந்தப் படலத்தை ஒவ்வொரு முறையும் நீங்கள் அழித்துவிட்டீர்கள். வேகமாகப் பெருகும் முதல் வகை இரண்டே நாளில் திரும்பி வந்துவிட்டது. மெதுவாக வளரும் இரண்டாம் வகையோ மூன்று முறையும் ஆரம்பத்திலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று. வெளுத்த தொட்டியை இறைத்துக் கழுவுங்கள் என்ற ஆலோசனையை நம் கடைகளில் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள் என்றாலும், புதிய தொட்டிகளில் மீன்கள் சாவதற்கு அதைவிடப் பெரிய காரணத்தை என்னால் காட்ட முடியாது.

அம்மோனியாவுக்கு நிறமில்லை. பளிங்கைப்போல் தெளிந்த தண்ணீரிலும் அது மீனைக் கொல்லும் அளவுக்கு இருக்க முடியும். லேசாக வெளுத்த தண்ணீரில் அது அறவே இல்லாமலும் இருக்கலாம். ஆகவே, தெளிவைக் கண்ணால் அளப்பதைவிட, அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் காட்டும் சோதனைத் திரவங்களை வாங்கி இரண்டு நாளுக்கு ஒருமுறை அளப்பது மேல். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்று லிட்டருக்கு அரை மில்லிகிராமைத் தாண்டினால், அன்று மட்டும் கால் பங்குக்குப் பதிலாகப் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.ஹெச். அளவையும் பார்ப்பது நல்லது. 25 டிகிரி வெப்பத்தில் பி.ஹெச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் நச்சு வடிவத்தில் இருக்கும், பி.ஹெச். 8 ஆகிவிட்டால் அது ஐந்து பங்கைத் தாண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் காரத்தன்மை மிகுந்தது என்பதாலும், பளிங்குச் சில்லுகளையும் கடற்சிப்பிகளையும் அழகுக்காகப் போடுவதாலும், நம் வீட்டுத் தொட்டிகளில் இந்த ஆபத்து கூடுதலாகவே உள்ளது.

நைட்ரைட் ஏறும் கட்டத்தில் உப்பு உண்மையாகவே உதவும். நைட்ரைட் செவுள் வழியாக இரத்தத்தில் கலந்து, ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி ஆக்கிவிடுகிறது. உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் அவ்வழியே நுழைவதைத் தடுக்கிறது. (பெயர் ஒத்திருந்தாலும் இது செவுளைப் புண்ணாக்கும் குளோரின் அன்று.) லிட்டருக்கு ஒரு கிராம் வீதம், உங்கள் தொட்டிக்கு 45 கிராம் கல் உப்பைத் தனியே கரைத்து, ஒரு நாளில் இரண்டு மூன்று தவணையாக ஊற்றுங்கள். தண்ணீர் மாற்றும்போது, எடுத்த தண்ணீருக்கு ஈடான உப்பை மட்டும் திரும்பச் சேர்த்தால் போதும். தங்கமீன்கள் இந்த அளவை எளிதாகத் தாங்கும்.

நீல மருந்தை இனி விடாதீர்கள். மெத்திலீன் புளூ பூஞ்சைத் தொற்றுக்குப் பயனுள்ள மருந்துதான். ஆனால் நோயுற்ற மீனைத் தனித் தொட்டியில் வைத்துக் கொடுக்க வேண்டியது. முதன்மைத் தொட்டியில் விட்டால் நமக்குத் தேவையான பாக்டீரியாக்களின் வளர்ச்சியையும் அது முடக்கும். ஏற்கெனவே விட்டதை அகற்ற, ஒரு சிறு வலைப்பையில் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு பில்டரில் நான்கைந்து நாட்கள் வையுங்கள். காய்ச்சலுக்குத் தரும் டெட்ராசைக்ளின் மாத்திரைகளைப் பொடித்துத் தொட்டியில் போடும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. அதையும் தவிர்க்கவே சொல்வேன்.

கலங்கல் எல்லாமே பாக்டீரியாவால் வருவதில்லை. தண்ணீர் ஊற்றிய அன்றைக்கே சாம்பல் நிறமாகக் கலங்கினால் அது கழுவாத கற்களின் தூசி. பில்டரில் மெல்லிய பஞ்சு வைத்தால் ஓரிரு நாளில் அடங்கும். புதிய மரக்கட்டை போட்டபின் தேநீர் நிறம் ஏறினால் அது டானின், மீனுக்குத் தீங்கில்லை. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தெளிவாக வந்த தண்ணீர் சில மணி நேரத்தில் பழுப்பேறினால் அதில் இரும்பு கரைந்திருக்கிறது என்று பொருள். அத்தகைய தண்ணீரை வாளியில் காற்றூட்டி, ஓர் இரவு படிய வைத்து, தெளிந்த மேல்பகுதியை மட்டும் பயன்படுத்த வேண்டும்.

பச்சை நிறக் கலங்கல் மட்டும் தனியாகப் பேச வேண்டியது. அது மிதக்கும் பாசி. வெயில் படும் ஜன்னலோரத்தில் தொட்டியை வைத்தாலோ, விளக்கை இரவு வரை எரிய விட்டாலோ, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்த தண்ணீரில் அது பெருகும். தண்ணீர் மாற்றினால் நிறம் ஒரு நாள் வெளிறும், பிறகு திரும்பிவிடும். தொட்டியைக் கறுப்புத் துணியால் நான்கு நாட்கள் முழுவதும் மூடி, ஏர் பம்பை ஓட விட்டால் பாசி மடியும். மடிந்த பாசி அழுகி அம்மோனியாவை ஏற்றாமலிருக்க, துணியை எடுத்ததும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிவிட வேண்டும். அதன்பின் விளக்கை நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். அடிக்கடி திரும்பும் பச்சைத் தண்ணீருக்கு யு.வி. விளக்கு பொருத்திய பில்டர் நம்பகமான தீர்வு.

படிகாரம் போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். குடிநீரைத் தெளிய வைக்கப் பாட்டிமார் கையாண்ட பொருள் என்பதால் அதன்மேல் நமக்கு நம்பிக்கை அதிகம். அது நுண்துகள்களைத் திரளச் செய்து கீழே படிய வைக்கும் என்பது உண்மையே. ஆனால் தண்ணீரின் காரத்தாங்குதிறனை, அதாவது அமிலம் சேர்ந்தாலும் பி.ஹெச். மாறாமல் காக்கும் திறனைக் குறைத்து, பி.ஹெச். அளவைச் சரித்துவிடும், அமிலத்தன்மை ஏறிய தண்ணீரில் அதிலுள்ள அலுமினியம் செவுள்களுக்கு நஞ்சு. கேன் தண்ணீரை மட்டுமே நிரப்புவதும் சரியான மாற்று வழியன்று. ஆர்.ஓ. முறையில் வடித்த தண்ணீரில் காரத்தன்மையைத் தரும் கார்பனேட் மிகக் குறைவு, அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் வேலை செய்யும்போது அந்தக் காரத்தன்மையைச் செலவழிக்கின்றன, தீர்ந்துபோனால் பி.ஹெச். திடீரென்று விழுந்து, அவற்றின் வேலையும் நின்றுவிடும். உங்கள் குழாய்த் தண்ணீர் குளோரின் நீங்கினால் போதுமானதே.

ஆறு வாரக் காத்திருப்பைக் குறைக்க ஒரு வழி உண்டு. நோயற்ற மீன்களோடு பல மாதங்களாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம், அவருடைய பில்டரில் பழகிய ஸ்பாஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்குங்கள். கழுவாமல், அவர் தொட்டித் தண்ணீரிலேயே மூழ்கியபடி ஒரு பையில் கொண்டுவந்து, அன்றே உங்கள் பில்டரில் வையுங்கள். கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் பாக்டீரியா திரவங்கள் புட்டிகளில் கிடைக்கின்றன. அவற்றின் தரம் சேமித்து வைத்த விதத்தைப் பொறுத்து மாறும் என்பதால், பழகிய ஸ்பாஞ்சையே நான் அதிகம் நம்புகிறேன்.

தங்கமீன்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அவை அதிகம் தின்று, அதிகம் கழிவிடும் இனம். சாதாரண தங்கமீன் நன்றாக வளர்ந்தால் 20 செ.மீ. நீளத்தைத் தாண்டும். 45 லிட்டர் தண்ணீரில் மூன்றுமே நீண்ட காலம் நலமாக வாழ முடியாது. பெரிய தொட்டிக்கு மாறும் எண்ணம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிட்டு, தொட்டி பக்குவப்பட்டபின் கப்பி, பிளாட்டி போன்ற சிறு மீன்களை ஐந்தாறாகத் தொடங்கி, சில வாரங்கள் கழித்து மேலும் சேர்ப்பதே அந்த மீன்களுக்கும் உங்களுக்கும் நல்லது. மீண்டும் உணவு கொடுக்கத் தொடங்கும்போது இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு, நாளுக்கு ஒரு முறை மட்டும் கொடுங்கள்.

வெண்மை ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் தானாகவே விலகும். அதன்பிறகு வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றுவதும், மாதம் ஒரு முறை ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு மூன்று முறை பிழிந்துவிடுவதும் போதுமானவை. பல மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டால், ஆக்சிஜன் இல்லாமல் மூடிய பில்டருக்குள் கழிவு அழுகியிருக்கும். மின்சாரம் வந்ததும் அப்படியே ஓட விடாமல், உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசியபின் ஓட்டுங்கள். மின்தடை நீளும் பகுதி என்றால் பேட்டரியில் இயங்கும் சிறிய ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.