ஒரு டியூப் க்ரீமின் கார்பன் கணக்கு

கேள்வி: ஃபிரான்ஸின் லோரியால் நிறுவனம், 2030-க்குள் ஒரு பொருளுக்கான கார்பன் உமிழ்வைப் பாதியாகக் குறைப்பதாக உறுதியளித்திருக்கிறது என்று படித்தேன். அப்படியானால் அதன் மொத்த உமிழ்வும் பாதியாகிவிடுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: அந்த வாக்கியம் அப்படிச் சொல்லவில்லை. 2020 ஜூனில் அறிவிக்கப்பட்ட அந்த உறுதிமொழியில் கவனிக்க வேண்டியது 'ஒரு பொருளுக்கு' என்ற சொற்கள்தாம். 2016-ஆம் ஆண்டு நிலவரத்தை அடிப்படையாகக் கொண்டு, விற்கப்படும் ஒவ்வொரு பொருளுக்கும் உரிய உமிழ்வில் 50 சதவீதம் குறைப்பதாகவே நிறுவனம் அப்போது சொன்னது. எளிமைக்காக, ஒரு நிறுவனம் 100 டியூப் விற்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிலோ உமிழ்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். உமிழ்வை அரைக் கிலோவாகக் குறைத்துவிட்டு 150 டியூப் விற்றால் மொத்தம் 75 கிலோ வரும். 200 விற்றால் பழைய 100 கிலோவிலேயே வந்து நிற்கும். கடலை மிட்டாயின் விலை பாதியாயிற்று என்பதற்காக மாத மளிகைச் செலவு குறைந்துவிடுவதில்லை, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் நிச்சயம் குறையாது.

இதற்கு மாறாக, நிவியா க்ரீமைத் தயாரிக்கும் ஹாம்பர்க் நகரத்து பையர்ஸ்டார்ஃப் நிறுவனம், 2018-ஐ அடிப்படையாகக் கொண்டு 2025-க்குள் மொத்த உமிழ்வையே 30 சதவீதம் குறைப்பதாக இலக்கு வைத்தது. எண்ணில் சிறியதாகத் தெரிந்தாலும் கறாரான வாக்குறுதி இதுவே என்பது என் எண்ணம். விற்பனை எவ்வளவு கூடினாலும் அதைச் சாக்காகச் சொல்ல இதில் இடமில்லை.

கேள்வி: ஆலைகள் முழுவதையும் சூரிய மின்சாரத்துக்கு மாற்றிவிட்டால் சரும அழகுப் பொருள் நிறுவனங்களின் கார்பன் பிரச்சினை தீர்ந்துவிடாதா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தீராது. உலகெங்கும் நிறுவனங்கள் பின்பற்றும் பசுங்குடில் வாயுக் கணக்குமுறையில் உமிழ்வை மூன்று 'ஸ்கோப்'களாகப் பிரிக்கிறார்கள். ஆலையிலும் சொந்த வாகனங்களிலும் எரிக்கும் எரிபொருள் முதலாவது. விலைக்கு வாங்கும் மின்சாரம் போன்றவை இரண்டாவது. மூலப்பொருள், டப்பா, சரக்குப் போக்குவரத்து, விற்ற பிறகு நடக்கும் பயன்பாடு, கடைசியில் குப்பை என மற்ற எல்லாம் மூன்றாவது. க்ரீம் ஆலை உருக்காலை அன்று. எண்ணெயையும் நீரையும் தனித்தனியே 70, 80 டிகிரிக்குச் சூடாக்கி, கடைந்து, ஆறவிட்டு டியூபில் அடைப்பதே அங்கு நடக்கும் முக்கிய வேலை. ஆகவே சூரியத் தகடுகள் துடைப்பது கணக்கின் சிறிய பகுதியைத்தான். க்ரீமுக்குள் போகும் கிளிசரினும் கொழுப்பு அமிலங்களும் பெரும்பாலும் பாமாயிலிலிருந்து வருகின்றன; அந்த எண்ணெய்ப் பனைக்காகச் சதுப்புக் காடுகள் வடிக்கப்பட்டிருந்தால், அங்கிருந்து வெளியேறும் கார்பனும் இந்தக் கணக்கில் சேர வேண்டியதே.

அதைவிட வியப்பானது உங்கள் குளியலறை. ஒரு வாளித் தண்ணீரை, அதாவது 15 லிட்டரை, 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்கக் கால் யூனிட்டுக்குச் சற்று அதிகமான மின்சாரம் தேவை. நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியாவதால், ஒரு குளியலுக்கு ஏறக்குறைய 180 கிராம் ஆகிறது. ஒரு பாட்டில் பாடி வாஷ் முப்பது குளியலுக்கு வந்தால் ஐந்து கிலோவைத் தாண்டிவிடும். பச்சைத் தண்ணீரில் குளிப்பவருக்கு அதே பாட்டிலால் இந்தச் செலவு இல்லை.

இந்தச் சுடுநீரைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை மேற்சொன்ன கணக்குமுறை நிறுவனத்தின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. சோப்பு, ஷாம்பு தயாரிக்கும் யூனிலீவர் 2020-இல் அறிவித்த 'நிகர பூஜ்ய' இலக்கு, அதாவது குறைத்தது போக மிஞ்சும் உமிழ்வை ஈடுசெய்து கணக்கைப் பூஜ்யமாக்கும் இலக்கு, 2039-க்கு உரியது. ஆனால் அது மூலப்பொருளில் தொடங்கிக் கடை அலமாரியோடு நின்றுவிடுகிறது. அதே நிறுவனம் 2010-இல் வெளியிட்ட திட்டம் நுகர்வோரின் பயன்பாட்டையும் உள்ளடக்கியிருந்தது என்பதால், எல்லைக்கோடு எங்கே நகர்ந்தது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதை மோசடி என்று நான் சொல்லமாட்டேன், ஏனெனில் யார் வீட்டு கீசரையும் எந்த நிறுவனமும் அணைத்துவிட முடியாது. ஆயினும் சீக்கிரம் அலசிப்போகும் சோப்பைத் தயாரிக்கலாம். லோரியாலைப் போல, பயன்பாட்டு உமிழ்விலும் ஒரு பொருளுக்கு 25 சதவீதக் குறைப்பு என்று இலக்கு வைக்கலாம்.

கேள்வி: 'கார்பன் நியூட்ரல்' என்று அச்சிட்ட க்ரீமை நம்பலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: பல சமயம் அதன் பொருள், உமிழ்வைக் குறைத்தார்கள் என்பதன்று, வேறெங்கோ மரம் நடுவதற்குப் பணம் கட்டி ஈடுசெய்தார்கள் என்பதே. இத்தகைய ஈட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பொருளை நியூட்ரல் என்று விளம்பரம் செய்வதை ஐரோப்பிய ஒன்றியம் 2026 செப்டம்பர் 27 முதல் தடுக்கிறது. இந்தியாவிலும் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஆதாரம் இல்லாத பசுமைச் சொற்களுக்குத் தடை போட்டு, விவரங்களை விளம்பரத்திலோ கியூஆர் குறியீடு வழியாகவோ தரச் சொல்கின்றன. உங்கள் க்ரீம் பெட்டியில் அந்தக் குறியீடு இருந்தால் கைப்பேசியில் திறந்து பாருங்கள். எந்த ஆண்டோடு ஒப்பிட்டிருக்கிறார்கள், மூன்றாம் ஸ்கோப் அதில் உண்டா என்ற இரண்டை மட்டும் தேடினால் போதும்.