14 பேரா, 46 பேரா? பில்லை நிறுத்திய அப்ரண்டிஸ் கணக்கு

கேள்வி: பொதுப்பணித்துறை டெண்டரில் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு வகுப்பறைக் கட்டடம் கட்டி வருகிறேன். முடிந்த வேலைக்குப் பணம் கேட்டு இரண்டாவது பார்ட் பில் போட்ட நேரத்தில், ‘தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டத்தைப் பின்பற்றவில்லை, ஒப்பந்தத்தை ஏன் ரத்து செய்யக்கூடாது’ என்று செயற்பொறியாளரிடமிருந்து கடிதம் வந்தது. பில்லும் நிற்கிறது. என்னிடம் மாதச் சம்பளத்துக்கு இருப்பவர்கள் 14 பேர்தான். மற்ற 32 பேரும் மேஸ்திரிகளின் ஆட்கள். 30 பேருக்குக் கீழ் என்றால் அப்ரண்டிஸ் வைப்பது கட்டாயமில்லை என்கிறார்களே? இல்லையென்றால், கொத்தனாரோடு நிற்கும் இரண்டு பையன்களை அப்ரண்டிஸ் என்று எழுதிக் கொடுத்துவிடட்டுமா?

பதில்: 30 என்ற எண் சரிதான். 2019-ல் விதிகளைத் திருத்தியபோது, 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்குக் கட்டாயம், 4 முதல் 29 வரை உள்ளவர்களுக்கு விருப்பம் என்று வைத்தார்கள். நீங்கள் தவறியது தலையை எண்ணியதில். 1961-ம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தில் ‘தொழிலாளி’ யார் என்பதை 2014-ல் மாற்றி எழுதிவிட்டார்கள். நேரடியாக வைத்தவர் மட்டுமல்ல, இடையில் ஒரு ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரும், சுற்றி வளைத்து உங்கள் பணத்தில் கூலி வாங்குபவரும் சேர்த்தி. சனிக்கிழமை மேஸ்திரி கையில் மொத்தமாகக் கொடுக்கிறீர்கள், அவர் நோட்டைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கிறார். அந்த நோட்டில் உள்ள பெயர்களும் உங்கள் கணக்கில்தான் வரும். ஆக, 46. வேறு ஊரில் உங்களுக்கு இன்னொரு சைட் இருந்தால் அதையும் கூட்ட வேண்டும். கிளைகள் எல்லாம் ஒரே நிறுவனம் என்கிறது சட்டம்.

‘சட்டம் சொல்வது முதலாளியின் வளாகத்தில் வேலை செய்பவரை; சைட் அரசாங்கத்தின் இடம், என் வளாகம் இல்லையே’ என்று ஒரு வாதம் கட்டலாம். கட்டிப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் அதை நம்பி உங்கள் பில்லைப் பணயம் வைக்க மாட்டேன். மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் இருக்க வேண்டும் என்பது விதி. 46-க்கு 2.5 சதவீதம் 1.15. ஒரு பையனை, மிஞ்சினால் இருவரைச் சேர்ப்பதோடு முடிகிற காரியம் இது.

அந்த இரண்டு பையன்களை எழுதிக் கொடுக்கும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். அப்ரண்டிஸ் என்பது பெயரால் ஆவதல்ல, பதிவு செய்த ஒப்பந்தத்தால் ஆவது. கலவை சுமந்து தினக்கூலி வாங்குபவரை அந்தக் கணக்கில் காட்டினால், நாளை கூலி, விபத்து என்று ஏதாவது வரும்போது அந்தக் காகிதமே உங்களுக்கு எதிரான சாட்சி. உண்மையான அப்ரண்டிஸை அனுமதியில்லாமல் ஓவர்டைம் வாங்கவோ, பயிற்சிக்குச் சம்பந்தமில்லாத வேலைக்கு அனுப்பவோ கூடாது. வேலையில் அடிபட்டால் இழப்பீட்டுப் பொறுப்பும் உங்களுடையதே. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற பயம் மட்டும் வேண்டாம்; ஒப்பந்தத்தில் நீங்களாக ஒப்புக்கொண்டால் ஒழிய அப்படிக் கட்டாயமில்லை.

ஐ.டி.ஐ.யில் ஒயர்மேன் அல்லது பிளம்பர் முடித்த ஒருவரைப் பாருங்கள். வகுப்பறைக்கு வயரிங் எப்படியும் செய்யத்தான் போகிறீர்கள். 2019 விதிப்படி ஐ.டி.ஐ. முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000. சேர்க்கும் நாளில் உள்ள தொகையை அரசின் அப்ரண்டிஸ் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அணுக வேண்டிய இடம், ஐ.டி.ஐ. ஆளுக்கு மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம், டிப்ளமோ ஆளுக்குச் சென்னை தரமணியில் உள்ள தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் (தென்மண்டலம்).

இனி பில். இந்தச் சட்டத்தில் பில்லை நிறுத்தச் சொல்லி ஒரு வரிகூட இல்லை. அப்ரண்டிஸ் எண்ணிக்கை குறைந்தால் ஒரு மாத நோட்டீஸ். பதில் திருப்தி இல்லையென்றால் 2014 திருத்தத்தின் கணக்குப்படி குறையும் ஒவ்வொரு இடத்துக்கும் அபராதம் மாதம் 500 ரூபாய், மூன்று மாதத்துக்குப் பிறகு 1,000. அதற்கும் நடவடிக்கை எடுப்பது பயிற்சித் தரப்பு அதிகாரிகளே தவிர, பொறியாளர் அல்ல. பொறியாளரின் பிடி நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. மத்தியப் பொதுப்பணித்துறையின் ஒப்பந்தத்திலும் இப்படி ஒரு ஷரத்து உண்டு: சட்டத்தை மீறினால் ஒப்பந்த மீறல், ரத்து செய்யலாம் என்று. உங்களுடையதை எடுத்துப் படியுங்கள். ரத்து என்று மட்டும் இருந்து, ‘பணத்தை நிறுத்தலாம்’ என்று எங்கும் இல்லையென்றால், எம்-புக்கில் (முடிந்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகம்) ஏறிய அளவுக்கான தொகையை நிறுத்த அவருக்கு என்ன அதிகாரம் என்று எழுத்தில் கேட்கலாம். அதற்கு மேல் உயர்நீதிமன்றத்தில் ரிட் போடலாமா என்பது, ஒப்பந்தத் தகராறு என்பதால், ஆவணங்களைப் பார்த்த பிறகே சொல்ல முடியும்.

ஆனால் முதலில் ஆளைப் பதிவு செய்யுங்கள், பிறகு பதில் எழுதுங்கள். பதிலில் 14 என்று எழுதாதீர்கள். தொழிலாளர் துறைக்குக் கட்டடத் தொழிலாளர் எண்ணிக்கை கொடுத்திருப்பீர்களே, அந்தத் தாள் பொறியாளர் மேஜையில் இருக்கலாம். 46 என்றே எழுதி, பதிவு எண்ணைக் காட்டி, பில்லை விடுவிக்கக் கேளுங்கள். கடிதத்தில் கொடுத்த கெடு தாண்டும் போலிருந்தால் இரண்டு வாரம் அவகாசம் கேட்டு இன்றே ஒரு வரி அனுப்புங்கள். தபாலில் மட்டும் விடாமல் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வையுங்கள்.